எலக்ட்ரிக் காரை உயர்த்தலாமா? எக்ஸெல்லிடம் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆனதும் பலருக்கு ஓர் ஆசை வரும். ரேமைக் கூட்டலாமா, பெரிய ஹார்ட் டிஸ்க் போடலாமா என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். ரேம் என்றால் கவலை இல்லை. மதர்போர்டுக்குப் பொருத்தமானதை வாங்கிச் செருகினால் போதும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் அதைத் தானே கண்டுபிடித்து, எத்தனை ஜிபி என்று சரியாகச் சொல்லிவிடும்.

எலக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்கும் இதே ஆசை வருகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே ஏதாவது வைத்து காரைக் கொஞ்சம் தூக்கலாமா, ஒரு சைஸ் பெரிய டயர் போடலாமா என்று கேட்கிறார்கள். இங்கேதான் வித்தியாசம். புது டயர் போட்டிருக்கிறீர்கள் என்பது காரில் உள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய டயரே இருக்கிறது என்று நம்பி, வேகம், ஓடிய தூரம், மீதி ரேஞ்ச் எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்க முடியும். எக்ஸெல் இருந்தால் எக்ஸெல். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் போதும். கூட்டல் கழித்தல் தவிர வேறெதையும் எக்ஸெல்லில் செய்யாதவர்களுக்கு இது நல்ல பயிற்சியாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கை நான் போட வேண்டி வந்தது என் தங்கை வீட்டுக்காக. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோடு பக்கம் வீடு. கேட்டைத் திறந்ததும் ஒரு சாய்தளம், அதன் மேலே போர்ட்டிகோ. மாப்பிள்ளை ஓர் எலக்ட்ரிக் கார் வாங்கினார். சாய்தளத்தின் உச்சியில் ஏறித் திரும்பும்போது காரின் அடி வயிறு 'கர்ர்ர்' என்று உரசும். அடியில் இருப்பது பேட்டரி என்பதால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிற்றைக் கலக்கும். எடை குறைந்தால் உரசாது என்று நினைத்து எல்லோரையும் கேட்டிலேயே இறக்கிவிட்டார். அவருடைய அம்மாவுக்கு வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். வாரம் இரண்டு நாள் காவிரிப் பாலத்தைத் தாண்டி தில்லை நகருக்கு பிசியோதெரபிக்குப் போய் வர வேண்டும். திரும்பி வந்ததும் அந்தச் சரிவில் நடந்தே ஏற வேண்டியிருந்தது. ஒரு மழை நாளில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக அடி எதுவும் இல்லை.

"மச்சான், அரியமங்கலத்துல ஒரு கடையில விசாரிச்சேன். நாலு டயரும் பெருசா மாத்தி, ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் போட்டா காரு ஒன்றரை இஞ்ச் தூக்கிடும்ங்கறாங்க. அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்றார்.

"ஒரு ராத்திரி பொறுங்க மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடுவோம்" என்றேன்.

டயரில் உள்ள மூன்று எண்கள்

டயரின் பக்கவாட்டில் 215/60 ஆர் 16 என்பது போல எழுதியிருக்கும். மாப்பிள்ளை காரின் டயரும் இதே சைஸ்தான். இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் 60 சதவீதம் என்று பொருள். 16 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, இதுமட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று விதமான அளவுகள்! இதை யார் யோசித்து வைத்தார்களோ.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். பி1, பி2, பி3 ஆகிய கட்டங்களில் 215, 60, 16 என்று டைப் செய்யுங்கள். பிறகு பி4 கட்டத்தில்

=பி3*25.4+2*பி1*பி2/100

என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (ஏ, பி, சி என்று இங்கே அச்சாகியிருப்பதை கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகத் தட்ட வேண்டும்.) ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் ரிம்மை அதால் பெருக்குகிறோம். மேலே ஒரு பக்கச் சுவர், கீழே ஒரு பக்கச் சுவர் என்பதால் 2. விடை 664.4 என்று வரும். டயரின் மொத்தக் குறுக்களவு இதுதான். பி5 கட்டத்தில் =பி4*3.1416 என்று கொடுத்தால் சுற்றளவு கிடைக்கும்: சுமார் 2,087 மி.மீ. பி6 கட்டத்தில் =1000000/பி5 என்று கொடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு டயர் எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரியும்: சுமார் 479.

சி1, சி2, சி3 கட்டங்களில் புது டயரின் எண்களைப் போடுங்கள். கடைக்காரர் சொன்னது 225/65 ஆர் 16. பி4 முதல் பி6 வரை செலக்ட் செய்து, கீழ் வலது மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து வலப்பக்கம் ஒரு கட்டம் இழுத்து விடுங்கள். பார்முலாக்கள் சி வரிசைக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். புது டயரின் குறுக்களவு 698.9 மி.மீ. கிலோமீட்டருக்குச் சுமார் 455 சுற்று. சி7 கட்டத்தில் =சி4/பி4 என்று கொடுத்தால் 1.052 வரும். அதாவது புது டயர் 5.2 சதவீதம் பெரிது.

காரின் கம்ப்யூட்டர் எதை நம்புகிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுவது மட்டுமே அதன் வேலை. அந்த எண்ணிக்கை, கேன் எனப்படும் காருக்குள் ஓடும் நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. (1986-ல் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்திய இந்த நெட்வொர்க் இன்று அநேகமாக எல்லாக் கார்களிலும் இருக்கிறது.) எண்ணிக்கையை டயரின் சுற்றளவால் பெருக்கினால் தூரம். சுற்றளவு எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்வதில்லை. கம்பெனியில் எழுதி வைத்த எண்தான்.

ஆகவே, பெரிய டயர் போட்ட பிறகு கணக்குப்படி 80 கி.மீ. வேகம் என்றால் உண்மையில் நீங்கள் 84-ல் போகிறீர்கள். ஸ்பீடோ மீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் வாகன விதி. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். போன் ஜி.பி.எஸ்.ஸை மீட்டரோடு ஒப்பிட்டால் இது தெரியும். அந்தக் கூடுதலைப் பெரிய டயர் விழுங்கிவிடுகிறது. வேகத்தில் இதைச் சமாளித்துவிடலாம்.

ரேஞ்ச் விஷயத்தில்தான் தலைவலி. எடுத்துக்காட்டாக, ஒரு கார் 100 கி.மீ. ஓட 15 யூனிட் மின்சாரம் எடுக்கிறது, பேட்டரியில் 30 யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரேஞ்ச் 200 கி.மீ. பெரிய டயர் போட்ட பிறகு நிஜமாக 100 கி.மீ. ஓடினாலும் கார் 95 என்றுதான் குறித்துக்கொள்ளும். 95 கி.மீ.க்கே 15 யூனிட் போய்விட்டது என்று நினைத்து, முழு சார்ஜில் 190 கி.மீ.தான் என்று காட்டும். இது பொய்யான குறைவு. இதோடு நிஜமான குறைவும் சேரும். அகலமான டயர் தரையில் அதிகம் உரசும், அதன் எடையும் அதிகம். காரை உயர்த்தினால் அடியில் புகும் காற்றும் அதிகம். பைபாஸில் 90, 100 என்று போகும்போது காற்றுதான் பெரிய எதிரி. இரண்டு குறைவும் கலந்து வருவதால் எது பொய், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சென்னைக்குச் சுமார் 330 கி.மீ. போகிறவர் எங்கே சார்ஜ் போடலாம் என்று திட்டமிடுவது இந்த எண்ணை நம்பித்தான்.

இன்னொன்று. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தரும் கார்கள் பல இருக்கின்றன. பெரிய டயரோடு கார் நிஜமாக 1,60,000 ஓடும்போது மீட்டரில் சுமார் 1,52,000தான் இருக்கும். "லாபம்தானே!" என்றார் மாப்பிள்ளை. கார் கம்பெனி டயரைப் பார்க்காதவரை லாபம்தான்.

காசை மிச்சப்படுத்த முன்னால் இரண்டு டயரை மட்டும் மாற்றுகிறேன் என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு எண்ணிக்கை சொன்னால், ஏதோ ஒரு சக்கரம் வழுக்குகிறது என்று ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகியவற்றின் கம்ப்யூட்டர் குழம்பிவிடும்.

காரைத் தூக்கினால்...

பெரிய டயரால் கார் எவ்வளவு உயரும்? சி8 கட்டத்தில் =(சி4-பி4)/2 என்று கொடுங்கள். 17 மி.மீ. குறுக்களவில் பாதிதான் அச்சுக்குக் கீழே இருக்கிறது என்பதால் இரண்டால் வகுக்கிறோம். நாலு புது டயரின் விலைக்கு ஒரு சுண்டு விரல் அகலம்!

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ வைக்கும் கட்டை. கடைக்காரர் சொன்னது 20 மி.மீ. ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவதும் உண்டு. அது ஸ்பிரிங்கை இறுக்குமே தவிர பெரிதாக உயர்த்தாது.

ஸ்பேசர் வைத்தால் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் சாய்வில் சுற்ற வேண்டியிருக்கும். எலக்ட்ரிக் மோட்டார் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே முழுத் திருகு விசையையும் கொடுக்கும் என்பதால் அதன் மூட்டுகளுக்குத் தேய்மானம் அதிகம். வீல் அலைன்மென்ட் மறுபடி செய்ய வேண்டும். ஹெட்லைட்டும் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண்ணாடியில் கேமரா வைத்து முன்னே போகும் வண்டியைக் கண்காணிக்கும் கார் என்றால், கேமரா இருக்கும் உயரமும் மாறிவிடுகிறது. அதையும் சர்வீஸ் சென்டரில் சரிபார்க்க வேண்டும்.

எலக்ட்ரிக் கார் பழக்கமில்லாத கடையில் வேலை கொடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்ரோல் காருக்கு வைப்பது போல நடுவில் எங்காவது வைத்துத் தூக்கினால் பேட்டரிப் பெட்டி நசுங்கும். கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டுமே வைக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. அவற்றைத் தொடவே கூடாது.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு

இதுவரை போட்டது டயர் கணக்கு. மாப்பிள்ளையின் பிரச்சினை சாய்தளம் அல்லவா? அதற்குத் தனி ஷீட் திறந்தோம்.

கார் சரிவிலிருந்து சமதளத்துக்கு ஏறும்போது, முன் சக்கரம் மேலே சமதளத்திலும் பின் சக்கரம் சரிவிலும் இருக்கும். நடுவில் சாய்தளத்தின் உச்சி காரின் வயிற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கோணம் வரை கார் உரசாமல் தாண்டும் என்பது இரண்டே அளவுகளைப் பொறுத்தது. ஒன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. இந்தக் காரில் சுமார் 2,500 மி.மீ. மற்றொன்று, தரைக்கும் அடி வயிற்றுக்கும் உள்ள உயரம். கையேட்டில் 205 மி.மீ. என்று இருந்தது.

பி1-ல் 2500, பி2-ல் 205 என்று போட்டு, பி3-ல்

=2*டிகிரீஸ்(ஏடேன்(2*பி2/பி1))

என்று கொடுத்தோம். இந்த இரண்டு பங்ஷன்களும் இன்சர்ட் பங்ஷன் பட்டனைத் தட்டினால் மேத் அண்ட் ட்ரிக் என்ற பிரிவில் இருக்கும். ஏடேன், கோணத்தை ரேடியனில் தரும். அதை நமக்குப் பழக்கமான டிகிரியாக மாற்றுவது டிகிரீஸ். விடை 18.6 டிகிரி.

அடுத்து சாய்தளம். டேப் வைத்து அளந்தோம். உயரம் 45 செ.மீ., தரையோடு அளந்த நீளம் 120 செ.மீ. =டிகிரீஸ்(ஏடேன்(45/120)) என்று கொடுத்தால் 20.6 டிகிரி. கார் தாண்டக்கூடியது 18.6, இருப்பது 20.6. உரசாமல் என்ன செய்யும்! அப்படியென்றால் ஆட்களை இறக்கிவிட்டாலும் உரசத்தான் வேண்டும். "ஆமாம், லேசா உரசும்" என்று மாப்பிள்ளை அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

இனி பி2 கட்டத்தில் எண்ணை மாற்றி மாற்றித் தட்ட வேண்டியதுதான். எக்ஸெல்லின் அருமை இங்கேதான் தெரியும். பெரிய டயர் மட்டும் போட்டால் 222 மி.மீ.; கோணம் 20.1. அப்போதும் உரசும். டயர், ஸ்பேசர் இரண்டும் போட்டால் 242 மி.மீ.; கோணம் 21.9. தாண்டிவிடும் என்று மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

ஆனால் அது காலி காருக்கு. நாங்கள் ஐந்து பேரைக் காரில் உட்கார வைத்து, அடியில் ஸ்கேல் வைத்து அளந்தோம். 170 மி.மீ.தான் இருந்தது. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும் அல்லவா? 170-உடன் டயரும் ஸ்பேசரும் சேர்ந்த 37-ஐக் கூட்டினால் 207. கோணம் 18.8. அம்மாவோடு எல்லோரும் காரில் இருக்கும்போது, இவ்வளவு செலவு செய்த பிறகும், பேட்டரி அதே இடத்தில் உரசும்.

என் தங்கைதான் கேட்டாள்: "காரையே மாத்திப் பாக்குறீங்களே, சாய்தளத்தை மாத்திப் பாக்கக் கூடாதா?"

120 என்ற எண்ணை 180 ஆக்கினேன். 14.0 டிகிரி என்று வந்தது. ஐந்து பேரோடு 170 மி.மீ. உயரத்தில் கார் தாண்டக்கூடிய கோணம் 15.5. காரில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் தாண்டிவிடுகிறது! போர்ட்டிகோ நீளமாக இருந்ததால் தெருப்பக்கம் ஓர் அங்குலம்கூட நீட்டாமல் உள்பக்கமாகவே 60 செ.மீ. நீட்ட முடிந்தது. கொத்தனார் கூலி, சிமென்ட், ஜல்லி எல்லாம் ஒரு டயரின் விலைக்குள் அடங்கிவிட்டன. ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வைக்கச் சொன்னேன். சிமென்ட் காய்ந்த மறுவாரம் அம்மா காரிலேயே போர்ட்டிகோவரை வந்து இறங்கினார்.

மழைத் தண்ணீருக்காக உயர்த்தலாமா?

மாப்பிள்ளை விடவில்லை. "தண்ணி நின்னா என்ன பண்றது?" என்றார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் குடியிருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். 2005 நவம்பர் வெள்ளத்தில் திருச்சியின் பல பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

பல எலக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்கு ஐ.பி.67 என்ற தரம் உண்டு. முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் பாதிக்கும் அளவுக்குத் தண்ணீர் புகாது. இது பேட்டரிக்கு மட்டுமான சோதனை. அதுவும் அசையாத தண்ணீரில். சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டருக்கோ மற்ற கம்ப்யூட்டர்களுக்கோ இந்தத் தரம் பொருந்தாது. சாய்தளத்தில் உரசி உரசிச் சீல் நெகிழ்ந்த பேட்டரிக்கும் இதை நம்ப முடியாது. எந்த ஆழம் வரை ஓட்டலாம் என்பது கையேட்டில் இருந்தால் அதுதான் எல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் 37 மி.மீ. உயர்த்தி என்ன ஆகப்போகிறது? வேறு வழியில் போவதே உத்தமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். கம்பெனியே அதே மாடலின் உயர் வகைக்குக் கொடுக்கும் டயர் சைஸ் என்றால் விஷயம் வேறு. அதையும் டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

துருவம் வரை போன கார்

எலக்ட்ரிக் காரை உயர்த்தவே முடியாது என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ராம்சே, ஜூலி ராம்சே தம்பதி, வடக்குக் காந்தத் துருவம் 1823-ல் இருந்த இடத்திலிருந்து ஒரு நிசான் அரியா காரில் கிளம்பி, டிசம்பரில் தென் துருவத்தை அடைந்தார்கள். சுமார் 30,000 கி.மீ. பயணம். பனியில் புதையாமல் போக 39 அங்குல டயர்! அதற்காக சஸ்பென்ஷனையும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளையும் மாற்றியது ஐஸ்லாந்தில் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் கம்பெனி. பேட்டரி, மோட்டார் இரண்டும் கம்பெனியில் வந்தபடியே இருந்தன.

இதே தம்பதி 2017-ல் நிசான் லீஃப் காரில் பிரிட்டனிலிருந்து மங்கோலியா வரை 16,000 கி.மீ. போனார்கள். அந்தக் காருக்குப் போட்டது அகலம் குறைந்த டயர். பேட்டரியைக் கல்லிலிருந்து காக்க அடியில் அலுமினியத் தகடு. போகிற பாதையை முதலில் பார்த்து, பிறகு டயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு வருகிற ஆண்டு எப்படியும் டயர் மாற்ற வேண்டும். அதே 215/60 ஆர் 16 என்று ஷீட்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். சைஸுக்குப் பக்கத்தில் 95 என்பது போல இன்னோர் எண் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிப்பது அது. 95 என்றால் 690 கிலோ. எலக்ட்ரிக் கார் பேட்டரியால் எடை கூடியது என்பதால் இந்த எண் பழைய டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. கடைக்காரர் விலை குறைவான டயரைக் காட்டினால் முதலில் அந்த இடத்தில் விரலை வைத்துக் கேளுங்கள்.